தலையில்லாமல் வந்த மருத்துவர்

1984இல் அமெரிக்கப் பொம்மைக் கடைகளுக்கு வந்த ஒரு வெள்ளை வேனிலிருந்து தொடங்குகிறேன். நிஸான் வேன் ஒன்றை அப்படியே சிறிதாக்கிய, கைக்கு அடக்கமான ஆம்புலன்ஸ் அது. முன்பாதியைப் பின்பாதியிலிருந்து கழற்றி நிமிர்த்தினால் கையும் காலும் கொண்ட ஒரு ரோபோ எழுந்து நிற்கும். ஆனால் அதற்குத் தலை கிடையாது. தோளுக்கு மேல் வெறும் வெளி. வேனின் முன்கண்ணாடிக்குப் பின்னால், இருக்கையின் மேல், ஓர் ஒட்டுத்தாளில் முகம் அச்சடித்திருக்கும். குனிந்து உற்றுப் பார்த்தால்தான் அது கண்ணுக்குப் படும். பின்பாதி தனியாக, கருவிகள் பொருத்திய ஒரு மேடையாக விரியும்.

இந்தப் பொம்மையின் பெயர் ராட்செட். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதையுலகில் ஆட்டோபாட் அணியின் மருத்துவர். நாற்பது ஆண்டுகளில் அவருடைய பெயரில் தனித் திரைப்படம் வந்ததில்லை. போரில் வென்று கொடி நாட்டியவர் என்ற பெயரும் அவருக்கு இல்லை. ஆனாலும் கார்ட்டூன், காமிக்ஸ், சினிமா என்று அவர் தோன்றிய இடங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தால், அணித் தலைவர் ஆப்டிமஸ் பிரைமைவிட ஆழமாக வளர்ந்த பாத்திரம் இவர்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. அவரை வளர்த்தது அவர் செய்த தொழில்.

தலையில்லாமல் போனதற்குக் காரணம் ஜப்பானில் இருக்கிறது. டக்காரா நிறுவனம் 1980இல் டயாக்ளோன் என்ற பொம்மை வரிசையைத் தொடங்கியது. அதில் ரோபோக்களுக்கு உயிர் கிடையாது. மனிதர்கள் ஏறி ஓட்டும் இயந்திரங்கள் அவை. காலில் காந்தம் வைத்த, விரல்நுனி அளவு ஓட்டுநர் பொம்மையும் கூடவே வரும். வேன் ரோபோவில் அந்த ஓட்டுநர் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார். ஆள் உள்ளே இருக்கும்போது ரோபோவுக்கு எதற்கு முகம்? ஹாஸ்ப்ரோ நிறுவனம் இந்த அச்சுகளை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், ரோபோக்கள் தாமே உயிருள்ளவை என்று கதையை மாற்றியது. ஓட்டுநரை எடுத்துவிட்டார்கள். அவர் உட்கார்ந்திருந்த இருக்கை மட்டும் மிஞ்சியது. அதன்மேல்தான் அந்த ஒட்டுத்தாள்.

அதே அச்சில் சிவப்பாக வார்த்தது அயர்ன்ஹைட் என்ற போர்வீரன். வெள்ளையாக வார்த்தது ராட்செட். சாயத்தையும் ஒட்டுத்தாளையும் மாற்றினால் ஒரு வீரன் மருத்துவராகிவிடுவார். இந்த இரட்டைப் பிறவி இன்றுவரை தொடர்கிறது. பெரியவர்களான சேகரிப்பாளர்களுக்கென்று வரும் விலையுயர்ந்த மாஸ்டர்பீஸ் வரிசையிலும் எம்.பி. 27 அயர்ன்ஹைட், எம்.பி. 30 அதே உடம்பைத் திருத்திச் செய்த ராட்செட். பொம்மையாக அவருக்கென்று ஓர் உடம்பு கிடைப்பது அபூர்வம். கதையாசிரியர்கள்தான் அவரைத் தனி ஆளாக்க வேண்டியிருந்தது.

அதைத் தொடங்கிவைத்தவர் மார்வெல் காமிக்ஸில் வேலை செய்த பாப் புடியான்ஸ்கி. தொடக்ககாலப் பாத்திரங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயரும் குணமும் எழுதியவர் அவர். ராட்செட் என்பது நம்மூர் ஒர்க்‌ஷாப்பிலும் அன்றாடம் புழங்கும் கருவியின் பெயர்தான்: ஒரு பக்கம் திருப்பினால் இறுகும், மறுபக்கம் சும்மா சுழலும். மருத்துவருக்கு ஒரு மெக்கானிக்கின் கருவிப் பெயரை வைத்ததிலேயே பாதிக் குணம் அமைந்துவிட்டது. அன்றைய பெட்டிகளின் பின்புறத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குறிப்பு இருக்கும். அதன் வலிமை அட்டவணையைப் படிக்க, கூட வரும் சிவப்புப் பிளாஸ்டிக் தாளை அதன்மேல் வைக்க வேண்டும். ராட்செட்டுக்கு எழுதிய குறிப்பு, கேளிக்கையில் விருப்பமுள்ளவர், எதிர்த்துப் பேசுகிறவர், ஆனால் வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று சொல்கிறது. பின்னால் வந்த ராட்செட்டுகள் கேளிக்கையை மறந்துவிட்டார்கள். எதிர்த்துப் பேசுவதை மட்டும் ஒருவரும் விடவில்லை.

அதே 1984இல் வந்த கார்ட்டூனில் அவருக்குத் தலை கிடைத்தது. பொம்மையைப் பார்த்து வரைந்தால் பாத்திரம் பேச முடியாது என்பதால் வேனுக்கு மேல் நல்லதொரு முகத்தை வரைந்தார்கள். ஸ்கூபி டூவுக்குக் குரல் கொடுத்த டான் மெசிக் இவருக்கும் பேசினார். இதுவரை ‘அது’ என்று பொம்மையைச் சொல்லலாம். முகம் வந்த இடத்திலிருந்து ‘அவர்’ என்றுதான் சொல்ல வருகிறது. கார்ட்டூன் ராட்செட் வீல்ஜாக் என்ற பொறியாளருடன் சேர்ந்து, டைனோசராக உருமாறும் டைனோபாட்டுகளைக் கட்டினார், அடிபட்டவர்களை ஒட்டுப்போட்டு அனுப்பினார். அடுத்த வாரம் எல்லாரும் மறுபடி நலமாக வந்து நின்றார்கள். யாரும் சாகாத உலகத்தில் மருத்துவருக்குப் பாரமில்லை. அந்த ராட்செட்டை எனக்குப் பிடிக்கும். ஆனால் நினைவில் நிற்கிறவர் அவரல்ல.

பாரம் வந்தது காமிக்ஸில். மார்வெல் இதழின் முதல் நான்கு பகுதிகள் முடியும் நேரத்தில் ஷாக்வேவ் என்ற எதிரி ஆட்டோபாட்டுகளை ஒட்டுமொத்தமாக வீழ்த்திவிடுகிறான். அப்போது ராட்செட் அங்கே இல்லை. மாரடைப்பு வந்த ஒரு மனிதரை, ஸ்பார்க்பிளக் விட்விக்கி என்ற மெக்கானிக்கை, ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போயிருந்தார். நோயாளியைச் சுமந்து போனதால் பிழைத்தவர். 1985இல் வந்த ஏழாம், எட்டாம் இதழ்களில் அவர் தனியாக எதிரணித் தலைவன் மெகாட்ரானிடமே பேரம் பேச வேண்டி வருகிறது. போர் செய்யத் தெரியாத ஒருவர், நண்பர்களின் உடல்களைத் திருப்பி வாங்குவதற்காக எதிரியுடன் ஒப்பந்தம் செய்து, உறங்கிக் கிடந்த டைனோபாட்டுகளைத் தேடி எழுப்பிக் கூட்டி வருகிறார். புடியான்ஸ்கி இங்கே அவரை வீரனாக மாற்றிவிடவில்லை. பயந்துகொண்டே போகிற மருத்துவராகவே விட்டார். பிள்ளைகளுக்கான ஒரு காமிக்ஸில் இதை எழுதத் துணிந்தது பெரிய காரியம்.

அடுத்த ஆண்டு கடைக்காரர் கணக்கு அவரைக் கொன்றது. 1986 ஆகஸ்டில் வெளிவந்த முழுநீளக் கார்ட்டூன் படத்தில், தொடங்கிச் சில நிமிடங்களிலேயே நிலாவிலிருந்து பூமிக்குப் போகும் ஓர் ஓடத்தை எதிரணியான டிசெப்டிகான்கள் தாக்குகிறார்கள். உள்ளே இருந்த நால்வர் அயர்ன்ஹைட், ராட்செட், ப்ரவுல், ப்ரான். பழைய பொம்மைகள் கடையை விட்டுப் போக வேண்டும், புதியவை வர வேண்டும் என்பதுதான் இந்தக் கொலைகளின் காரணம். அயர்ன்ஹைட்டுக்காவது, ஊர்ந்து வந்து மெகாட்ரானின் காலைப் பிடிக்கும் கடைசிக் காட்சி ஒன்று உண்டு. ராட்செட் சுடப்பட்டு விழுகிறார், கதை அவரைத் தாண்டிப் போய்விடுகிறது.

ஆனால் அந்த இழப்பின் விலையைப் படம் தன்னையறியாமலே காட்டிவிடுகிறது. சற்று நேரத்தில் ஆப்டிமஸ் பிரைம் மரணப்படுக்கையில் கிடக்கிறார். அவர் பக்கத்தில் நின்று காயத்தைப் பார்ப்பவர் பெர்செப்டர், நுண்ணோக்கியாக மாறும் விஞ்ஞானி. பிழைக்க மாட்டார் என்று அவர்தான் சொல்கிறார். அந்த இடத்தில் மருத்துவர் இருந்திருக்க வேண்டும். ஒரு தலைமுறை அமெரிக்கக் குழந்தைகள் பிரைமுக்காக அழுதார்கள். எனக்கோ அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் ராட்செட் இல்லாத வெற்றிடம்தான் கண்ணில் படுகிறது. கடைகளில் அவர் இடத்துக்கு ஃபர்ஸ்ட் எய்ட் என்ற புதிய ஆம்புலன்ஸ் ரோபோ வந்தது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நீண்ட இடைவெளி. 2002இல் வந்த ஆர்மடா தொடரில் மருத்துவர் வேலையை ரெட் அலர்ட் செய்தார். 2007இல் மைக்கேல் பே எடுத்த படத்தில் ராட்செட் திரும்பியபோது வெள்ளை வேன் போய், பசுமஞ்சள் நிற ஹம்மர் மீட்பு வண்டி வந்திருந்தது. குரல் ராபர்ட் ஃபாக்ஸ்வொர்த். மூன்று படங்களில் அவர் கூட்டத்தில் நின்றார், சண்டை போட்டார், சில வரிகள் பேசினார். மருத்துவர் என்று சொல்லிக்கொண்டார்களே தவிர, மருத்துவம் பார்க்க விடவில்லை.

2007 கடைசியில் தொடங்கிய அனிமேட்டட் தொடர்தான் முதன்முதலில் அவரை வயதானவராக ஆக்கியது. தலையின் கொம்பு ஒன்று உடைந்திருக்கும். கோரி பர்ட்டனின் கரகரத்த குரல். அதில் ஒரு கதையில் பழைய போரின் நினைவு வருகிறது: லாக்டவுன் என்ற கூலி வேட்டைக்காரன் ராட்செட்டைப் பிடித்துவைத்து, அவர் கையிலிருந்த மின்காந்தக் கருவியை வெற்றிப்பொருளாகப் பிடுங்கிக்கொள்கிறான். அதே சிறையில் ஆர்சி என்ற தூதுவரின் மூளையில் இருந்த ரகசியம் எதிரிக்குப் போகாமல் காக்க, ராட்செட் தன் கருவியால் அவள் நினைவை அழிக்க வேண்டி வந்தது. காப்பாற்றுவதற்காகக் கற்ற வித்தையை ஒருவரைச் சிதைக்கப் பயன்படுத்திய மருத்துவர். இந்த ராட்செட்டின் எரிச்சலும் சிடுசிடுப்பும் எங்கிருந்து வந்தன என்று அதற்குப் பிறகு கேட்கத் தேவையில்லை.

அந்த லாக்டவுனைத்தான் 2014இல் சினிமாக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். ‘ஏஜ் ஆஃப் எக்ஸ்டிங்ஷன்’ படத்தில் மனிதர்களின் வேட்டைப்படையும் லாக்டவுனும் சேர்ந்து ராட்செட்டைச் சுற்றி வளைக்கிறார்கள். பிரைம் எங்கே என்று கேட்கிறார்கள். அவர் சொல்லவில்லை. மார்பைப் பிளந்து உயிரைப் பிடுங்குகிறான் லாக்டவுன். கார்ட்டூனில் கருவியைப் பறித்தவன் சினிமாவில் உயிரையே பறித்தான். இந்த ஒற்றுமையைப் படத்தை எழுதியவர்கள் யோசித்தார்களா என்பது முக்கியமில்லை. இரண்டையும் பார்த்தவருக்கு அந்தக் காட்சி இரண்டு மடங்கு வலிக்கும். பே எடுத்த படங்களில் ராட்செட்டுக்குக் கிடைத்த ஒரே உண்மையான காட்சி அவர் சாவுதான். அது எனக்கு இன்றும் கோபம் தருகிற விஷயம்.

அதற்கு முன்பே, 2010இல் தொடங்கிய ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பிரைம்’ தொடரில் ஜெஃப்ரி கோம்ப்ஸ் குரல் கொடுத்தார். நெவாடாவின் ஜாஸ்பர் என்ற கற்பனை ஊருக்கு அருகே, பழைய ஏவுகணைக் கிடங்கில் தளம். மற்றவர்கள் வெளியே போய்ச் சண்டையிட, அவர் உள்ளே திரைகளின் முன் நின்று அவர்களை அனுப்புவார், அழைத்துக்கொள்வார், தைத்துப்போடுவார். மனிதப் பிள்ளைகள் காலடியில் ஓடுவதைச் சகிக்காமல் முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். ராஃப் என்ற சிறுவனுக்கு நச்சு எனர்ஜான் எரிபொருள் பாய்ந்து உயிருக்குப் போராடும் கட்டத்தில், நர்ஸாக வேலை பார்க்கும் ஜூன் டார்பியும் ராட்செட்டும் ஒரே கட்டிலின் இரு பக்கமும் நிற்கிறார்கள். உலோக உடம்புகளைக் காலகாலமாகப் பழுதுபார்த்தவருக்குச் சதையுடம்பு புரியவில்லை. தன் அறியாமையை முன்னால் வைத்துக்கொண்டு வைத்தியம் செய்கிற அந்த முகத்தைப் பார்த்தபோது, தலையில்லாத அந்தப் பொம்மையை நினைத்துக்கொண்டேன். தொடர் முடிகையில் நண்பர்கள் சொந்தக் கிரகத்துக்குத் திரும்ப, முணுமுணுத்த அவரே பூமியில் தங்கிவிடுகிறார்.

ஆனாலும் என் கணக்கில் முதலிடம் ஐ.டி.டபிள்யூ. பதிப்பகம் 2012 ஜனவரியில் தொடங்கிய ‘மோர் தன் மீட்ஸ் தி ஐ’ காமிக்ஸ் தொடருக்குத்தான். எழுதியவர் ஜேம்ஸ் ராபர்ட்ஸ். போர் முடிந்துவிட்டது, லாஸ்ட் லைட் என்ற கப்பலில் ஒரு கூட்டம் கிளம்புகிறது. ராட்செட்தான் தலைமை மருத்துவர். அவருடைய கைகள் செயலிழந்து வருகின்றன. அறுவை மருத்துவருக்குக் கை போனால் என்ன மிச்சம்? தனக்கு அடுத்து வரவேண்டியவரைத் தேடிக்கொண்டு டெல்ஃபி என்ற தொலைதூர மருத்துவமனைக்குப் போகிறார்.

நான்காம், ஐந்தாம் இதழ்கள் அங்கே நடக்கின்றன. டெல்ஃபியின் தலைவர் ஃபார்மா, ராட்செட்டின் பழைய நண்பர், தேர்ந்த மருத்துவர். டிசெப்டிகான்களின் கொலைக்குழுத் தலைவன் டார்ன், உருமாறுவதற்கு உதவும் உறுப்புகளைக் கேட்டு ஃபார்மாவை மிரட்டிவந்தான். கொடுக்காவிட்டால் மருத்துவமனையே அழியும். ஃபார்மா தன் நோயாளிகளைச் சாகவிட்டு அவர்களிடமிருந்து உறுப்புகளை எடுத்துக் கொடுத்தார். ஆள் போதாமல் போனபோது சாவுகளை மறைக்க ஒரு தொற்றுநோயையே உருவாக்கினார். கடைசியில் விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கும் ஃபார்மாவின் கைகளை கூட வந்த ட்ரிஃப்ட் என்ற வீரனின் வாள் வெட்டுகிறது. ஃபார்மா கீழே விழுகிறார். கைகள் மேலே கிடக்கின்றன. ராட்செட் அந்தக் கைகளைத் தனக்குப் பொருத்திக்கொள்கிறார். நோயாளிகளைக் கொன்ற கைகளைக் கொண்டு இனி நோயாளிகளைக் காப்பாற்றப் போகிறார். அதைப் பற்றி ராபர்ட்ஸ் நீளமாகப் பேசவில்லை, அடுத்தடுத்த இதழ்களில் அந்தக் கைகள் வேலை செய்துகொண்டிருப்பதை மட்டும் நாம் பார்க்கிறோம். பொம்மைக் கதைகளில் நான் படித்த மிகச் சிறந்த பக்கங்களில் இவை சேரும்.

தனக்கு அடுத்தவராக ராட்செட் தேர்ந்தெடுத்தது டெல்ஃபியில் வேலை பார்த்த ஃபர்ஸ்ட் எய்டை. 1986இல் கடைக்கணக்கு யாரைக் கொண்டுவந்து அவர் இடத்தில் வைத்ததோ, அவரையே இங்கே குருவாக நின்று தானே அழைத்துக்கொள்கிறார். அதே தொடரில், போருக்கு முன்னால் ராட்செட் ஒடுக்கப்பட்டவர்கள் வாழும் டெட் எண்ட் பகுதியில் சிகிச்சையகம் நடத்தியதும், அங்கே போதையில் விழுந்து கிடந்த ஒருவரைப் பிழைக்கவைத்ததும் வருகிறது. அந்த ஆள் பிற்காலத்தில் ட்ரிஃப்ட். ராட்செட்டுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. ட்ரிஃப்டுக்கோ அளவுக்கு மீறி உண்டு. இருவரும் வாதாடுவதும் நெருங்குவதுமாக இந்தக் கதையின் ஓர் இழை பல ஆண்டுகள் ஓடி, இருவரையும் வாழ்க்கைத் துணைகளாக்கியது.

2020இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘சீஜ்’ தொடரும் இதே வழியில்தான் அவரைக் கண்டது. போர் உச்சத்தில் இருக்கும்போது எந்த அணியினர் என்று பாராமல் அடிபட்டவர் எல்லாருக்கும் வைத்தியம் பார்க்கிறார். கொஞ்ச நேரமே வருகிறார், ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் முழுக்க அவராகவே இருக்கிறார்.

ராட்செட்டை இதுவரை அறியாதவர் சினிமாவில் தொடங்க வேண்டாம். முதலில் 1985இன் ஏழாம், எட்டாம் மார்வெல் இதழ்களைப் படியுங்கள், பிறகு டெல்ஃபி இதழ்கள் இரண்டையும். அவை பிடித்துப்போனால் ராபர்ட்ஸின் கதை முழுவதையும், 2018 நவம்பரில் வந்த ‘லாஸ்ட் லைட்’ 25ஆம் இதழ் வரை பின்தொடருங்கள். பல ஆண்டுகள் கழித்து, பிரிந்துபோன கப்பல்காரர்கள் எல்லாரும் மறுபடி ஒன்றுகூடும் இடத்தில் அந்தக் கடைசி இதழ் திறக்கிறது. அவர்கள் வந்திருப்பது ராட்செட்டின் இறுதிச் சடங்குக்கு.