கஸ்ஸாலியும் மெய்யியலின் ‘முடிவும்’: ஒரு வரலாற்றுக் கூற்றின் திறனாய்வு

இஸ்லாமிய மெய்யியலின் வரலாற்றைக் கூறும் அறிமுக நூல்கள் பலவற்றில் ஒரே வரிசை திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. அல்-கிந்தி தொடங்கிவைத்தார், அல்-ஃபாராபி (இ. 950) வளர்த்தார்; இப்னு சீனா (இ. 1037) உச்சத்திற்குக் கொண்டுசென்றார், கஸ்ஸாலி (இ. 1111) தாக்கினார், இப்னு ருஷ்து (இ. 1198) மறுமொழி எழுதியும் பயனில்லை, அத்துடன் மெய்யியல் மறைந்தது. இவ்வரிசையில் இரு கூற்றுகள் பின்னிக் கிடக்கின்றன. கஸ்ஸாலி பகுத்தறிவின் பகைவர் என்பது ஒன்று. அவருக்குப் பின் மெய்யியல் இல்லை என்பது மற்றொன்று. இவற்றைத் தனித்தனியே சோதிப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1095இல் நிறைவுற்ற ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’ (மெய்யியலாளரின் நிலைகுலைவு) 20 சிக்கல்களை எடுத்து வாதிடுகிறது. அவற்றுள் மூன்றில் மட்டுமே மெய்யியலாளர்மீது ‘குஃப்ர்’ என்னும் தீர்ப்பு வழங்கப்படுகிறது: உலகம் தொடக்கமற்றது என்பது, இறைவன் தனிப்பொருள்களைத் தனித்தனியே அறிவதில்லை என்பது, உடலோடு மீண்டும் எழுதல் இல்லை என்பது. கிரகணம் பற்றிக் கணிதவியலார் தரும் விளக்கத்தைச் சமயத்தின் பெயரால் மறுப்பவர் சமயத்திற்கே தீங்கிழைக்கிறார் என நூலின் முன்னுரைப் பகுதியிலேயே கஸ்ஸாலி எச்சரிக்கிறார். அவருடைய முதன்மையான குற்றச்சாட்டு, மெய்யியலாளர் அளவையியலில் தாமே வகுத்த நிறுவல் நெறிகளை இறைமை பற்றிய பகுதியில் நிறைவேற்றவில்லை என்பதே. அளவையியலைக் கொண்டே அளவையியலாரை மடக்கும் முறை இது. இறுதிக் காலத்தில் எழுதிய ‘அல்-முஸ்தஸ்ஃபா’ என்னும் சட்டநெறி நூலுக்கும் அளவையியலையே அவர் வாயிலாக அமைத்தார். அதனைக் கல்லாதவரின் அறிவை நம்ப இயலாது என்றும் குறித்தார்.

பெரிதும் தவறாகப் படிக்கப்படுவது அந்நூலின் பதினேழாம் வாதம். பஞ்சு நெருப்பைத் தொடும்போது எரிகிறது. தொடுதலும் எரிதலும் சேர்ந்து நிகழ்வதைக் கண் காண்கிறது. ஆனால் ஒன்று மற்றொன்றைக் கட்டாயமாக விளைவிக்கிறது என்பதைக் கண் காண்பதில்லை. காரணகாரியத்தையே கஸ்ஸாலி ஒழித்துவிட்டார் என்போர் இவ்விடத்தோடு நின்றுவிடுகின்றனர். அதே வாதத்தின் தொடர்ச்சியில், பொருள்களுக்கு இயல்புகள் உண்டு என்று ஒப்புக்கொண்டும் அற்புதத்தை விளக்கும் இரண்டாம் வழி ஒன்றையும் அவர் தருகிறார். இரு வழிகளில் அவர் எதனை ஏற்றார் என்பது இன்றும் ஆய்வாளரிடையே வழக்காகவே உள்ளது. அறிவியல் சிந்தனையைக் கொன்றவர் என்ற தீர்ப்புக்கு இவ்வாதம் இடந்தரவில்லை.

எனினும் கஸ்ஸாலியைக் காக்க முனைவோர் மறு எல்லைக்குச் செல்வதும் ஏற்கத்தக்கதன்று. அந்த மூன்று சிக்கல்களிலும் வழங்கிய தீர்ப்பு சட்ட நிலையில் மரணதண்டனையின் அளவுக்குக் கடுமையானது. அதனை வெறும் கருத்து வேறுபாடாகச் சுருக்குவது மூலத்தை மழுப்புவதாகும்.

இரண்டாம் கூற்றின் வேர் அரபு நூல்களில் இல்லை. இலத்தீன் மொழிபெயர்ப்புகளில் உள்ளது. இடைக்கால ஐரோப்பா இப்னு ருஷ்துவை இலத்தீனில் பெற்றது. அவருக்குப் பின் கிழக்கில் எழுந்த மெய்யியலை அவ்வாறு பெறவில்லை. தன் ஏட்டுப்பெட்டி தீர்ந்த இடத்தையே அது மரபு தீர்ந்த இடமாகக் கண்டது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மெய்யியலாளரின் கோட்பாடுகளை மறுக்கும் முன் தொகுத்துரைத்த கஸ்ஸாலியின் ‘மகாஸிதுல் ஃபலாஸிஃபா’, நோக்கத்தைச் சொல்லும் முன்னுரை நீங்கிய வடிவில் இலத்தீனில் பரவியதால், மெய்யியலின் பகைவர் அங்கே இப்னு சீனாவின் மாணாக்கராகவே மதிக்கப்பட்டார். 1852இல் இப்னு ருஷ்து பற்றி நூலெழுதிய எர்னஸ்ட் ரெனான், 1883இல் ஆற்றிய சோர்போன் உரையில் இஸ்லாமே அறிவியலுக்குத் தடை என்னும் அளவுக்குச் சென்றார். ஜமாலுத்தீன் அஃப்கானி அதே ஆண்டில் மறுமொழி எழுதினார். காலப்பகுப்பில் நேர்ந்த பிழை ஒரு சமுதாயத்தின் அறிவாற்றல்மீதான தீர்ப்பாக மாறிய இடம் இது.

கிழக்கில் நிகழ்ந்தது வேறு. ‘ஹிக்மத்துல் இஷ்ராக்’ எழுதிய சுஹ்ரவர்தி 1191இல் அலெப்போவில் கொல்லப்பட்டார். அவர் நூலோ அடுத்த நூற்றாண்டிலேயே உரைகள் பெற்றது. அஷ்அரிய இறையியலாரான ஃபக்ருத்தீன் ராஸி (இ. 1210) இப்னு சீனாவின் ‘இஷாராத்’ நூலுக்கு வரிதோறும் தடை எழுப்பி உரையெழுதினார், நஸீருத்தீன் தூஸி (இ. 1274) அத்தடைகளுக்கு விடைகூறித் தம் உரையை அமைத்தார். மெய்யியல் இங்கே அழியவில்லை. கலாம் என்னும் இறையியலுக்குள்ளும் உரைக்கு உரை என்னும் வடிவுக்குள்ளும் இடம்பெயர்ந்தது. உரை என்றாலே புதுமையற்றது என்று கருதுவோர்க்கு இப்பெயர்ச்சி புலப்படாமல் போவதில் வியப்பில்லை.

1964இல் ஹென்றி கோர்பன் வெளியிட்ட வரலாறு இப்னு ருஷ்துவோடு முடிக்கும் வழக்கத்தை வெளிப்படையாக எதிர்த்தது. ஆயின் ஈரானிய ஒளிநெறி மரபின்மீது அவர் வைத்த பற்று தராசை மறுபக்கம் சாய்த்தது. ராஸி போன்ற ஸுன்னி இறையியலார் மெய்யியலில் ஆற்றிய பங்கு அதில் உரிய எடை பெறவில்லை. தென்னாசியாவும் அவ்வாறே. முஹிப்புல்லாஹ் பிஹாரியின் (இ. 1707) அளவையியல் நூலான ‘ஸுல்லமுல் உலூம்’ பல உரைகளைப் பெற்றது. லக்னோவின் ஃபிரங்கி மஹல் அறிஞர் முல்லா நிஸாமுத்தீன் (இ. 1748) பெயரால் வழங்கும் ‘தர்ஸே நிஸாமி’ பாடத்திட்டத்தில் ஈரானிய மெய்யியலார் முல்லா ஸத்ரா எழுதிய உரைநூல் ஒன்று இடம்பெற்றது, அங்கு மாணவர் அந்நூலையே ‘ஸத்ரா’ என்று அழைத்துப் படித்துவந்தனர்.