அழகான நேரம் வேற, பேர் தெரியுற நேரம் வேற

கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் சளிப்பூஞ்சைகளுக்கு யாரும் எதிர்பார்க்காத ஒரு புகழ் கிடைத்திருக்கிறது. இன்ஸ்டாகிராமைத் திறந்தால் நீலத்தில் மின்னும் கண்ணாடி மணிகள், ரோஜா நிறத்தில் முத்து முத்தாக லைக்கோகலா, உச்சியில் பனித்துளி தாங்கி நிற்கும் இரண்டு மில்லிமீட்டர் காம்புகள். படங்கள் அபாரம், அதில் சந்தேகமே இல்லை. இந்தக் குறிப்பில் நான் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். படத்துக்குக் கீழே ஒரு லத்தீன் பேர் எழுதியிருக்கே, அந்தப் பேரை இந்தப் படம் தாங்குமா?

பெரும்பாலும் தாங்காது என்பது என் பதில். படம் எடுப்பவர்களின் திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் அந்த உயிரிலேயே இருக்கிறது. அது கண்ணுக்கு அழகாக இருக்கும் நேரம் வேறு, அதன் பேர் தெரியவரும் நேரம் வேறு. இன்றைய மேக்ரோ ரசனை முதல் நேரத்தில் மயங்கி நின்றுவிட்டு, இரண்டாவதைக் கைவிட்டுவிட்டது. இதுதான் என் புகார்.

புதிதாக வருபவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. பேரில் பூஞ்சை இருந்தாலும் இது பூஞ்சை இல்லை, அமீபாவுக்குப் பங்காளி. வித்து வெடித்து உள்ளிருந்து அமீபா மாதிரி ஒன்று வெளியே வருவதைப் பார்த்த ஜெர்மன் தாவரவியலாளர் அன்டோன் டி பாரி, 1859ல் எழுதிய ஆய்விலேயே இவற்றைப் பூஞ்சைகளிடமிருந்து பிரித்து விலங்குகளின் பக்கம் நகர்த்தினார். அந்த நுண்செல்கள் ஜோடி சேர்ந்து, வளர்ந்து, ஆயிரக்கணக்கான உட்கருக்கள் கொண்ட ஒரே பெரிய செல்லாக மாறும். அதுதான் பிளாஸ்மோடியம், மட்கிய கட்டையில் ஊர்ந்து பாக்டீரியாவைத் தின்னும் அந்தச் சளி. ஒரு கட்டத்தில் அது ஊர்வதை நிறுத்திவிட்டு, சில மணி நேரத்தில் வித்துப்பைகளாக எழும்பி நிற்கும். முதலில் ஈரமாக, வெள்ளையாகவோ ரோஜாவாகவோ பளபளக்கும். ஓரிரு நாளில் காய்ந்து, கருத்து, தோல் கிழிந்து தூளாகக் கொட்டும்.

போட்டோ எடுக்கத் தூண்டுவது அந்தப் பளபளப்பு. பேர் இருப்பதோ அந்தத் தூளில்.

ஸ்டெமோனைட்டிஸை எடுத்துக்கொள்வோம். மழைக்கால மரக்கட்டையில் கொத்துக் கொத்தாகப் பழுப்பு மத்தாப்புக் குச்சிகள் மாதிரி நிற்பது. ஃபுஸ்கா, ஆக்ஸிஃபெரா, ஃபிளாவோஜெனிட்டா என்று இதில் பல சிற்றினங்கள். பிரிப்பது எதை வைத்து? வித்தின் மேற்பரப்பை வைத்து. ஃபுஸ்காவின் வித்தில் வலைப்பின்னல், ஆக்ஸிஃபெராவில் கிட்டத்தட்ட வழுவழுப்பு, ஃபிளாவோஜெனிட்டாவில் நுண்ணிய மொட்டுகள். வித்தின் குறுக்களவு பத்து மைக்ரானுக்கும் குறைவு. எண்ணெய் லென்ஸ் போட்ட நுண்ணோக்கியில்தான் இது தெரியும். எந்த மேக்ரோ லென்ஸும் அந்த இடத்தை எட்டாது. இளம் வெள்ளைக் குச்சிகளின் படத்தைப் போட்டு 'ஸ்டெமோனைட்டிஸ் ஃபுஸ்கா' என்று எழுதினால், அது குத்துமதிப்பு. அவ்வளவுதான்.

இதற்கு அளவுகோல் எங்கே என்று கேட்டால் நான் நூறு வருடம் பின்னால் போவேன். ஆர்தர் லிஸ்டர் லண்டனில் ஒயின் வியாபாரி. அவர் 1894ல் பிரிட்டிஷ் மியூசியத்துக்காக 'மைசீட்டோசோவா' பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். மகள் குலியெல்மா அதை 1911லும் 1925லும் திருத்தி விரிவாக்கினார். அந்த நூலின் ஓவியத் தட்டுகளைப் பார்த்திருக்கீங்களா? ஒரே தட்டில் வித்துப்பை முழு உருவமாக நிற்கும். பக்கத்திலேயே உள்ளிருக்கும் நூல்வலை, அதாவது கேபிலிட்டியம், தனியாக. அதற்கும் பக்கத்தில் வித்து. கண் முதலில் அழகைப் பார்க்கிறது, பிறகு அந்தப் பேருக்கான காரணத்தைப் பார்க்கிறது. அந்தத் தட்டு ஒரு வாதம் மாதிரி. 'இது இன்னது, ஏனென்றால் இதோ' என்று சொல்கிறது. இன்றைய படத்தில் 'இது இன்னது' மட்டும் இருக்கிறது. 'ஏனென்றால்' இல்லை.

தொழில்நுட்பமும் இதற்குத் துணை போகிறது. இந்த அளவு உருப்பெருக்கத்தில் ஒரு படத்தில் ஃபோகஸ் விழுவது மில்லிமீட்டரில் ஒரு சிறு பகுதிதான். அதனால் ஃபோகஸை நூலிழை நூலிழையாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, மென்பொருளில் ஒன்றாக அடுக்குகிறார்கள். ஃபோகஸ் ஸ்டாக்கிங் இல்லாமல் இந்தத் துறையில் நல்ல படமே கிடையாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றன் மேல் ஒன்று குறுக்கே ஓடும் மெல்லிய நூல்களில்தான் மென்பொருள் திணறும். ஓரங்களில் ஒளிவட்டம் விழும், பின்னால் இருக்கும் நூல் விட்டுப்போகும். உருண்டையின் பளபளப்பு பத்திரமாக வந்து சேரும், நூல்வலைதான் அடிபடும். அடையாளத்துக்கு வேண்டியது அந்த நூல்வலை.

அடுத்தது வெட்டு. உருண்டை சட்டம் முழுக்க நிறையணும் என்று காம்பை வெட்டிவிடுகிறார்கள். டயாக்கியா லூக்கோபோடியா நம் ஊர்ச் சருகிலும் உயிருள்ள செடித் தண்டிலும் ஏறி நிற்கும் ஒன்று. வானவில் நிறம் காட்டும் நீல உடம்பு, சுண்ணாம்பால் ஆன வெள்ளைக் காம்பு. அந்தக் காம்பு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதே மாதிரி மின்னும் லாம்புரோடெர்மாவுக்குக் காம்பு கருப்பு. காம்பை வெட்டிய படத்தில் இரண்டும் ஒரே நகைக்கடை.

சில அடையாளங்கள் படத்திலேயே இருக்காது, செய்து பார்த்தால்தான் தெரியும். ஆர்சிரியா டெனுடாட்டாவும் ஆர்சிரியா இன்கார்னாட்டாவும் காய்ந்தபின் சிவந்த பஞ்சு மாதிரி விரியும். லேசாக ஊதிப் பாருங்கள். டெனுடாட்டாவின் பஞ்சு அடிக்கிண்ணத்தோடு உறுதியாக ஒட்டியிருக்கும். இன்கார்னாட்டாவுடையது சுலபமாகக் கழன்று பறந்துவிடும். 'ஊதினேன், பறந்தது' என்று படத்துக்குக் கீழே எழுதின இரண்டு சொல், இன்னொரு ஐம்பது ஃபிரேமை விட மதிப்பு.

எதிர்வாதமும் இருக்கு, அதையும் சொல்லணும். எல்லாவற்றுக்கும் நுண்ணோக்கி வேண்டியதில்லை. தங்க நிறத்தில் வலைபோல் படரும் ஹெமிட்ரிக்கியா செர்ப்பியூலாவை நல்ல படத்திலேயே சொல்லிவிடலாம். அதைவிட முக்கியமானது, உலர்ந்த மாதிரியால் தர முடியாத ஒன்றைப் படம் தரும். பிளாஸ்மோடியத்தின் நிறம் பெட்டிக்குள் போனால் அழிந்துவிடும். ஃபிளாவோஜெனிட்டாவின் பிளாஸ்மோடியம் மஞ்சள், ஃபுஸ்காவுடையது வெள்ளை. அந்த மஞ்சளைப் பார்த்த ஒரே சாட்சி கேமராவாக இருக்கலாம். 1931லேயே பெர்சி ஸ்மித்தும் மேரி ஃபீல்டும் 'மேஜிக் மிக்ஸீஸ்' என்ற குறும்படத்தில் இந்த உயிரின் வளர்ச்சியை வேகப்படுத்திக் காட்டினார்கள். இந்த உயிருக்கு நேரமும் ஒரு பரிமாணம் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. ஆக, அழகான நேரத்தைப் படமெடுப்பது தப்பில்லை. அதோடு கிளம்பிப் போய்விடுவதுதான் தப்பு.

'பேர் தப்பா இருந்தா என்ன குடிமுழுகிப் போச்சு?' என்று கேட்கலாம். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஒரு பதிவுக்குப் பேர் சொல்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் அது 'ஆய்வுத் தரம்'. இரண்டு பேர் போதும். அந்தப் பதிவு உரிய உரிமத்தோடு இருந்தால் ஜிபிஐஎஃப் என்ற உலகத் தரவுக் களஞ்சியத்துக்குப் போய், வரைபடத்தில் ஒரு புள்ளியாகிறது. அதே படங்களில் பயின்ற கணினி, அடுத்தவருக்கு அதே பேரைப் பரிந்துரைக்கிறது. வித்தைப் பார்க்காத இரண்டு பேரின் சம்மதம், கொஞ்ச நாளில் ஊரறிந்த உண்மையாகிவிடுகிறது.

லைக்கோகலா எபிடென்ட்ரம் இதற்கு நல்ல பாடம். ரோஜா நிற உருண்டை எதைப் பார்த்தாலும் அந்தப் பேரைத்தான் எழுதுவோம். 2023ல் மைக்கோலோஜியா இதழில் வந்த ஒரே கட்டுரை இந்தப் பேரினத்தில் பதினைந்து புதிய சிற்றினங்களை விவரித்தது. பழைய பெட்டிகளில் மாதிரி இருந்தால் திரும்ப எடுத்துப் பார்க்கலாம். வெறும் படமாக இருப்பதை என்ன செய்ய?

நமக்கு இது இன்னும் கூடுதலாக உறைக்கணும். தென்னிந்தியச் சளிப்பூஞ்சைகள் பற்றி வி. அக்னிஹோத்ருடு 1950களில் கட்டுரைத் தொடர் எழுதினார். கே.எஸ். திண்ட் 1977ல் இந்தியா முழுமைக்கும் ஒரு நூல் கொடுத்தார். இரண்டுமே மாதிரியைக் கையில் வைத்து, வித்தை அளந்து செய்த வேலை. அதற்குமேல் நாம் கட்டுகிற சுவர் குத்துமதிப்பால் ஆனதாக இருக்கக்கூடாது.

பெரிய செலவு ஒன்றும் இல்லை. முதல் படம் தள்ளி நின்று: எந்தக் கட்டை, எந்தச் சருகு. அடுத்தது பக்கவாட்டில், காம்பின் அடி தெரிய, அளவுகோலோடு. பிறகு உங்கள் ஆசைக்கு ஸ்டாக்கிங். நாளைக்கோ மறுநாளோ திரும்பிப் போய், வெடித்த ஒன்றையும் எடுங்கள். ஒரு சிறு துண்டை மட்டும் நிழலில் காயவைத்து, தீப்பெட்டியின் அடியில் பசை போட்டு ஒட்டி, படத்தின் எண்ணையும் தேதியையும் எழுதிவையுங்கள். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் எடுக்க முடியாது, எடுக்கவும் வேண்டாம். கொல்லையில் கிடக்கும் தென்னை மட்டையே போதும். பெட்டியில் கௌரவம் பார்க்கவேண்டியதில்லை. ஜப்பானின் மினகட்டா குமகுசு 1929ல் பேரரசருக்கு 110 சளிப்பூஞ்சை மாதிரிகளைக் கொடுத்ததே கேரமல் மிட்டாய்ப் பெட்டிகளில்தான்.

அதுவும் முடியாதபோது, படம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு பேர் எழுதினால் போதும். 'ஸ்டெமோனைட்டிஸ்' என்று எழுதி நிறுத்தினால் படத்தின் அழகு ஒரு துளியும் குறையாது. அந்தப் பதிவைப் பத்து வருடம் கழித்து எடுத்துப் பார்க்கிறவரும் அதை நம்பலாம்.