சாயத்தைப் பிடித்த சக்கை எங்கே போகும்?

தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாடி, நசுங்கி, புளித்து, காய்ந்து, தரம் பிரிந்து பெட்டிக்குள் போன பிறகு சல்லடையின் அடியில் மிஞ்சுவது காம்பும் நாரும் பஞ்சு போன்ற தூசியும்தான். இந்த மிச்சத்தையும், கடைகளில் வடிகட்டி எறியும் சக்கையையும், ஆலைக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பொருளாக்கலாம் என்ற யோசனை மலேசியா, இலங்கை, இந்தியா, துருக்கி போன்ற தேயிலை விளையும் நாடுகளின் வேதியியல் ஆய்வகங்களில் இருபது ஆண்டுகளாகச் செல்வாக்கோடு இருந்துவருகிறது. சாயப்பட்டறை, பெயின்ட் ஆலை, உலோக முலாம் பட்டறை மூன்றின் அழுக்குக்கும் இது மலிவான மருந்து என்கிறார்கள். மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களைப் பொறுத்தவரை இதை நிதானமாக எடைபோட வேண்டியிருக்கிறது. யோசனைக்குப் பின்னால் உள்ள வேதியியல் உண்மையானது. ஆனால் ஆய்வுக் கட்டுரைகள் போடும் கணக்கு பாதியில் நின்றுவிடுகிறது. அப்படி நிற்பதாலேயே தேயிலைக் கழிவு தனக்குப் பொருந்தாத வேலைக்கு அனுப்பப்படுகிறது என்பது என் வாதம்.

முதலில் அதன் பலத்தைச் சொல்லியாக வேண்டும். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பி. எச். ஹமீது 2009இல் வெளியிட்ட ஆய்வில், வடித்த தேயிலைச் சக்கை ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 300 மில்லிகிராம் மெத்திலீன் நீலச் சாயத்தைப் பிடித்தது. இலங்கையில் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் அமரசிங்கவும் அவருடன் வில்லியம்ஸும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், தேயிலைக் கழிவு ஒரு கிராமுக்குச் செம்பை 48 மில்லிகிராம் வரையும் ஈயத்தை 65 மில்லிகிராம் வரையும் பிடித்தது. எந்த உலையிலும் 700, 800 பாகைக்குச் சூடேற்றிக் கரியாக்காத வெறும் இலைக்கு இவை மதிக்கத்தக்க எண்கள். காரணமும் தெளிவானது. தாவர நாரில் கார்பாக்சில் தொகுதிகள் உண்டு. தேயிலையின் டானினில் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்த ஹைட்ராக்சில் இணைகள் உண்டு. நேர்மின் சுமையுள்ள உலோக அயனி வந்தால் இவை இரண்டு கையாலும் பற்றிக்கொள்கின்றன. நீரில் கரைந்த உலோகத்துக்கு இலையின் மீது உண்மையிலேயே ஈர்ப்பு இருக்கிறது.

சாயத்துக்கு வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. மெத்திலீன் நீலம் நேர்மின் சுமை கொண்ட சாயம். மரத்தூள், வாழைத்தோல், உமி என்று எந்தத் தாவரப் பொருளைப் போட்டாலும் அது ஓரளவு ஒட்டும். ஆய்வாளருக்கு அது வசதி, அளப்பதும் எளிது. ஆனால் மலேசியாவில் சாய நீர் எங்கிருந்து வருகிறது? கிளந்தான், திரங்கானு மாநிலங்களின் பாத்தேக் பட்டறைகளை எடுத்துக்கொள்வோம். அங்கே துணியில் ஏறுவது பெரும்பாலும் வினைச் சாயங்கள். அவற்றின் சுமை எதிர்மின். சாயத்தை நிலைநிறுத்தச் சோடியம் சிலிக்கேட் பூசுகிறார்கள். மெழுகை நீக்கச் சோடா போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். ஆக வெளியேறும் நீர் கடும் காரத்தன்மை கொண்டது. காரநீரில் தேயிலை நாரின் மேற்பரப்பும் எதிர்மின் சுமை ஏறி நிற்கும். எதிர்மின் சுமையுள்ள பரப்பு எதிர்மின் சுமையுள்ள சாயத்தைப் பிடிக்காது, தள்ளும். பிடிக்க வைக்க வேண்டுமானால் அமிலம் ஊற்றிக் காரத்தை முறிக்க வேண்டும். அப்போது சிலிக்கேட் கூழாகத் திரண்டு இலையின் நுண்துளைகளை அடைக்கும். காய்ச்சி வடித்த நீரில் கரைத்த ஒற்றைச் சாயத்தைக் கொண்டு செய்த சோதனை, பாத்தேக் பட்டறையின் வாய்க்காலைப் பற்றி ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை.

பெயின்ட் ஆலையின் நிலையும் இதுதான். நீரில் கரையும் சுவர்ப்பூச்சைக் கலக்கும் தொட்டியைக் கழுவிய தண்ணீரில் மிதப்பது டைட்டானியம் டை ஆக்சைடு, சுண்ணாம்புப் பொடி, பிணைக்கும் ரெசின் துகள், குழம்பைக் கெட்டியாக்கும் பொருள், பூஞ்சை கொல்லி. இவற்றில் பெரும்பகுதி கரைந்திருப்பவை அல்ல, தொங்கிக்கொண்டிருப்பவை. அவற்றைப் படிகாரமோ பாலி அலுமினியம் குளோரைடோ போட்டுத் திரள வைத்து அடியில் தங்க விடுவதே ஊரறிந்த, மலிவான வழி. அந்த நீரைத் தேயிலைப் படுகையில் ஊற்றினால் சிறிது நேரத்தில் படுகை அடைத்துப்போகும். ஈயம் கலந்த நிறமிகளைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்லிவிடலாம்: இந்தியா வீட்டுப் பூச்சுகளில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016இல் விதி வகுத்து, அடுத்த ஆண்டு நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பெயின்ட்டில் ஈயத்தைப் போடாமல் இருப்பதற்கு ஈடான வடிகட்டி எதுவும் கிடையாது.

அடுத்தது, பிடிக்கும் அளவு என்ற எண்ணையே எப்படிப் படிப்பது என்பது. கிராமுக்கு 300 மில்லிகிராம் என்பது நீரில் சாயம் இன்னும் ஏராளமாக மிச்சமிருக்கும் நிலையில், பரப்பு முழுதும் நிரம்பியபோது கிடைக்கும் உச்ச அளவு. நீர் தெளியத் தெளிய இலை பிடிக்கும் அளவு சரியும். ஆனால் சட்டம் கேட்பது தெளிந்த நீரை. மலேசியாவின் 2009ஆம் ஆண்டு தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகளில் ஈயத்துக்கு ‘பி’ தரத்தின் உச்சவரம்பு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம், குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே உள்ள ஆலைகளுக்கான ‘ஏ’ தரத்தில் 0.1. லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஈயமுள்ள நீரில் 96 விழுக்காட்டை அகற்றியதாக ஓர் ஆய்வு பெருமைப்படலாம். மிஞ்சும் 4 மில்லிகிராம் ‘பி’ தரத்தைவிட எட்டு மடங்கு. விழுக்காட்டில் எழுதினால் வெற்றியாகத் தெரிவது, மில்லிகிராமில் எழுதினால் சட்டமீறல்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது, பிடித்த பிறகு என்ன என்ற கேள்வி. சாயமோ உலோகமோ இலையில் ஒட்டிக்கொண்டால் அது அழிந்துபோகவில்லை, இடம் மாறியிருக்கிறது. லிட்டர் கணக்கான நீரில் பரவிக் கிடந்த நஞ்சு இப்போது ஈரச் சக்கையில் செறிந்து நிற்கிறது. மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளின்படி சாயம், நிறமி, பெயின்ட் ஆகியவற்றின் கசடும் உலோகம் கலந்த கசடும் தனித்தனிக் குறியீட்டு எண் பெற்ற அபாயக் கழிவுகள். அவற்றை நினைத்த இடத்தில் கொட்டவோ கொளுத்தவோ முடியாது. உரிமம் பெற்ற இடத்துக்கு, உதாரணமாக நெகிரி செம்பிலானில் புக்கிட் நானாஸில் உள்ள நிலையத்துக்கு, காசு கொடுத்து அனுப்ப வேண்டும். ஈரத்தோடு அனுப்பினால் தண்ணீரின் எடைக்கும் சேர்த்துக் கட்டணம். ஆய்வுக் கட்டுரைகளின் முடிவுரையில் வரும் ‘மலிவான’ என்ற சொல் இந்தச் செலவைக் கணக்கில் எடுப்பதே இல்லை. முன்செலவும் அப்படித்தான். இலையிலிருந்து பழுப்பு நிறமும் கரிமப் பொருளும் நீரில் கசியாதிருக்க, கழிவைக் கொதிநீரில் திரும்பத் திரும்ப அலசிப் பிறகு அடுப்பில் உலர்த்துகிறார்கள். அலசிய நீரும் கழிவுநீர்தானே? ஓடையில் விட்டால் அந்த நீரின் உயிர்வளியை அது தின்னும்.

அளவையும் பார்ப்போம். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ நிறுவனம் மலேசியாவின் மிகப் பெரிய தேயிலை உற்பத்தியாளர். அதன் உற்பத்தி ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் கிலோ. நூற்றுக்கு இரண்டு கிலோ கழிவு என்று வைத்தால் 80 டன். அதாவது நாளொன்றுக்குக் கால் டன்னுக்கும் குறைவு. அதுவும் லேசான பஞ்சு. லாரி எடையால் நிறைவதற்கு முன் இடத்தால் நிறைந்துவிடும். மலையிறங்கி லோஜிங், குவா மூசாங் வழியாகக் கிளந்தானின் பாத்தேக் பட்டறைகளுக்கு அதை ஓட்டிச் செல்வது டீசலை எரித்து நாரை விற்பதாகும். மாறாக, தேயிலைக் கழிவில் தழைச்சத்து உண்டு. மக்க வைத்தால் அது வந்த மண்ணுக்கே திரும்பும். மழைக்குக் கரைந்தோடும் மேல்மண்ணால் ரிங்லெட் நீர்த்தேக்கம் தூர்ந்துகொண்டே வரும் மலையில், சரிவில் உள்ள மண்ணைப் பிடித்துவைக்கும் ஒவ்வொரு கூடை மக்குக்கும் மதிப்பு உண்டு. வீணாகக் கிடப்பதைத்தானே எடுக்கிறோம் என்பவர்களுக்கு என் பதில் இதுவே: அது வீணாகக் கிடக்க வேண்டியதில்லை.

கடைச் சக்கையைச் சேர்த்தால் அளவு கூடுமே என்பார்கள். கூடும். ஆனால் அது எண்பது விழுக்காடு தண்ணீர். மலேசிய வெப்பத்தில் ஓரிரு நாளில் பூசணம் பிடிக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. வடித்த சக்கையை உலர்த்தி, நிறமேற்றி, புதுத்தூளோடு கலந்து விற்பது பழைய கலப்பட முறை. இலை சாயத்தை நன்றாகப் பிடிக்கிறது என்ற அதே குணம்தான் கலப்படக்காரருக்கும் உதவுகிறது. இந்தியா 1959இலேயே தேயிலைக் கழிவுக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்து, கழிவை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் கேட்டதற்கு இந்த அச்சமே காரணம். நீலகிரித் தொழிற்சாலைகள் கழிவைக் குடிக்க முடியாதபடி கெடுத்த பிறகே வெளியேற்ற வேண்டும். உலர்ந்த சக்கைக்கு ஒரு சந்தையை உண்டாக்குகிறவர்கள் இந்தக் காவலையும் சேர்த்தே உண்டாக்க வேண்டியிருக்கும்.

எதிர்வாதங்களில் இரண்டு வலுவானவை. கழிவைக் கரியாக்கினால் திறன் பல மடங்காகுமே என்பது ஒன்று. ஆகும். ஆனால் கரியாக்கும்போது எடையில் பெரும்பகுதி எரிந்துபோகும். கிடைக்கும் கரியும் பொடியாக உதிரும். செம்பனைக் கொட்டை ஓடும் தேங்காய் ஓடும் மலிந்த நாட்டில், கெட்டியான குருணைக் கரி அவற்றிலிருந்தே கிடைக்கும்போது தேயிலைக்கு அந்த வேலை எதற்கு? ஆய்வகத்தில் எல்லாமே எளிய நிலையில்தான் தொடங்கும், முதல் அடியையே குறை சொல்வது நியாயமா என்பது மற்றொன்று. முதல் அடிக்கு நான் எதிரி அல்ல. ஆனால் எல்லாரும் அதே முதல் அடியையே வேறு வேறு இலையை வைத்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையான பட்டறை நீரில் ஒரு சோதனை, பிடித்த உலோகத்தை அமிலத்தால் கழற்றி எடுத்துச் சக்கையை மீண்டும் பயன்படுத்தும் ஒரு சோதனை, இறுதிக் கசடுக்கு ஒரு விலாசம்: இந்த மூன்றும் இல்லாத கட்டுரைக்கு ‘கழிவு மீட்பு’ என்ற பெயரைத் தர நான் தயங்குகிறேன். இவற்றை நிறைவேற்றக்கூடிய ஓர் இடம் உண்மையில் இருக்கிறது. அது சிறு முலாம் பட்டறைகளின் அலசு நீர். அதில் பெயின்ட் நீரின் குழம்பும் இல்லை, பாத்தேக் நீரின் சிலிக்கேட்டும் இல்லை. பிடித்த செம்பை அமிலத்தில் கழற்றினால் மீண்டும் தொட்டிக்கே தரலாம். மொரட்டுவை எண்ணின்படி 80 டன் கழிவு ஒரு சுற்றுக்குப் பிடிக்கக்கூடிய உச்சம் நான்கு டன் செம்புக்கும் குறைவு. பெரிய ஆலைக்குப் போதாது, சில பட்டறைகளுக்குப் போதும்.

பூச்சு வேதியியலில் வேறொரு வழியும் திறந்திருக்கிறது. என் நம்பிக்கை அதிகம் அந்தப் பக்கமே. கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்தால் கருமை பிறக்கும் என்பது நம் சாயக்காரர்கள் அறிந்தது. டானின் இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் அந்தக் கருநீலச் சேர்மத்தைத் துருவின் மீதே உண்டாக்கினால், துரு ஓரளவு அடங்கிய அடிப்பூச்சாக மாறும். இதே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் அஃபிடா அப்துல் ரஹிம் குழுவினர் சதுப்புநில மரப்பட்டையின் டானினை எடுத்து எஃகின் அரிமானத்தைத் தடுக்கும் ஆய்வை 2007இல் வெளியிட்டார்கள். கரிக்கு வெட்டும் மரத்திலிருந்து உரித்தெறியும் பட்டை அது. அவர்கள் சோதித்த கேட்டச்சின், எபிகேட்டச்சின் முதலிய கூறுகள் தேயிலையிலும் உள்ளவையே. இந்த வழியின் பெரிய சிறப்பு, பொருள் வேலை செய்யும் இடத்திலேயே தங்கிவிடுவதுதான். நஞ்சேறிய சக்கை எதுவும் மிஞ்சுவதில்லை. குறைகளும் உண்டு. அந்தச் சோதனை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நடந்தது. கூரையில் பெய்வது மழை. டானின் படலம் தனியே நின்று காக்காது, மேலே பெயின்ட் வேண்டும். புளிக்க வைத்த கருந்தேயிலையில் கேட்டச்சின்களில் பெரும்பகுதி வேறு சேர்மங்களாக மாறிவிடுகிறது. காம்பில் முதலிலேயே குறைவு. ஆக உகந்த மூலப்பொருள் சல்லடைக் கழிவாக இராமல் கவாத்தில் வெட்டிய இலையாக இருக்கலாம். அதிலும் சரிவை மூடிக் காக்கும் பங்கு போக மிஞ்சுவதை மட்டுமே எடுக்க முடியும். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் கேமரன் மலையின் தானா ராத்தா பக்கத்தில், ஏதேனும் ஒரு தோட்டத் தொழிற்சாலையின் துருப்பிடித்த இரும்புத் தூண்களில் பாதிக்கு இந்த டானின் அடிப்பூச்சும், மறுபாதிக்குக் கடையில் விற்கும் பாஸ்பாரிக் அமிலத் துருமாற்றியும் பூசி, இரண்டின் மேலும் ஒரே பெயின்ட் அடித்து, இரண்டு பருவமழைக்குப் பிறகு சுரண்டிப் பார்த்தால் போதும். அதற்குப் புது ஆய்வகமோ பெரிய மானியமோ தேவைப்படாது.