கேட்கும் கருவியும் கேளாத குரலும்

சமூக ஊடகத்தில் ஒரு நிறுவனத்தின் பெயர் எங்கே எழுதப்பட்டாலும் கணிப்பொறி அதைத் திரட்டுகிறது. பாராட்டா, குறையா என்று பிரிக்கிறது. எழுதியவருக்கே தனியாகப் பதில் போகிறது. 2014-க்குப் பின் இந்திய ரயில்வே ட்விட்டரில் வந்த குறைகளைக் கவனித்து, ஓடும் ரயிலிலேயே பயணிகளுக்கு உதவியது. பாராட்ட வேண்டிய பணிதான். ஆனால், 'மக்களின் குரல் இதுவே' என்று முடிவு கட்டலாமா?

1936-இல் அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் 20 லட்சத்துக்கும் மேலான விடைகளைத் திரட்டி, லாண்டன் வெல்வார் என்றது. வென்றவர் ரூஸ்வெல்ட்! தொலைபேசியும் காரும் வைத்திருந்தோர் பட்டியல்களையே பெரிதும் நம்பியதும், விருப்பமுள்ளோர் மட்டும் விடை அனுப்பியதுமே காரணம். எண்ணிக்கை பெருகினாலும் மாதிரியின் கோணல் நிமிராது.

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் பொருள் வாங்கியவர் தம் குறையை உடனே எழுதிவிடலாம். கல்வராயன் மலையின் மடிப்புகளிலோ வானொலி அலைகளைப் பாறைகள் மறைக்கின்றன. அங்குள்ள மரவள்ளி விவசாயி எழுதாததால் அவருக்குக் குறையே இல்லை என்று பொருளா? கருவியின் கணக்கில் மௌனம் சேர்வதே இல்லை.

"அடடா, என்ன அருமையான சேவை!" என்ற கேலியையும் அது பாராட்டாகக் கொள்ளக்கூடும்.

இன்னொன்றும் உண்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் நாமே பொதுவில் வெளியிடும் விவரங்களுக்கு 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. எழுதுமுன் சிந்தியுங்கள்.

கருவி கேட்கட்டும், வணிகர் மலையேறியும் கேட்கட்டும்.