வழிப்போக்கனும் வழிகாட்டியும்: ஏ. கே. செட்டியாரின் பயண எழுத்து

ஊர் காணும் ஆசை மனிதனுக்கு இயல்பாக அமைந்தது. எழுதும் ஆற்றல் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. இவ்விரண்டும் ஒருவரிடத்தே கூடும்போது பயண இலக்கியம் பிறக்கிறது என்று நாம் எளிதாகக் கூறிவிடுகிறோம். ஆனால், உலகைச் சுற்றி வந்தோர் எழுதியவை யாவும் இலக்கியமாகிவிடவில்லை. அலையும் ஆசை எப்போது படைப்பாக மாறுகிறது என்னும் வினா இங்கே எழுகிறது.

தமிழாசிரியர்க்கு இவ்வினா புதியதன்று. 'நான் மேற்கொண்ட இன்பப் பயணம்' என்னும் தலைப்பில் மாணவர் எழுதிய கட்டுரைகளைத் திருத்தாத ஆசிரியர் நம்மிடையே இரார். விடியற்காலையில் எழுந்து, குளித்து, இறைவனை வணங்கி, பேருந்தில் ஏறி, வழிநெடுக இயற்கைக் காட்சிகளைக் கண்டு களித்து, 'இப்பயணம் என் மனத்தைவிட்டு என்றும் நீங்காது' என்று முடியும் கட்டுரைகள் அவை. கேமரன் மலைக்குச் சென்றவரும் மலாக்காவுக்குச் சென்றவரும் ஒரே கட்டுரையைத்தான் எழுதுகின்றனர். ஊர்ப்பெயரை மாற்றினால் போதும். மாணவர்மீது குறைகூறிப் பயனில்லை. பெரியவர்கள் எழுதும் பயண நூல்கள் பலவும் இவ்வாறே உள்ளன. விமான நிலையத்தில் மாலையிட்டு வரவேற்றோர், விருந்தளித்தோர், உடன் நின்று படம் எடுத்துக்கொண்டோர் ஆகியோர் பட்டியலிலேயே நூலின் பாதி கழிந்துவிடுகிறது. சென்ற நாடு எங்கே என்று நாம் தேட வேண்டியிருக்கிறது.

ஆற்றுப்படை காட்டும் நெறி

பயணமும் படைப்பும் தமிழில் நெடுங்காலத் தொடர்புடையவை. பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை வகையின. கூத்தர், பாணர், பொருநர் ஆகிய கலைஞர்கள் ஊர்தோறும் சென்று வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு வழிநடையும் கலையும் வேறு வேறல்ல. பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் மற்றொருவனைக் கண்டு, தான் சென்ற வழியையும் பெற்ற பயனையும் எடுத்துரைத்து அவனையும் அங்கே செல்லுமாறு ஆற்றுப்படுத்துவான். தொல்காப்பியர் புறத்திணையியலில் கூறும் இலக்கணமும் இதுவே.

பெருங்கௌசிகனார் இயற்றிய மலைபடுகடாத்தை இந்நோக்கில் படித்துப் பார்த்தல் வேண்டும். நன்னனிடம் செல்லும் மலைவழியை அப்பாட்டு எவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறது! பன்றியைப் பிடிக்க வைத்த பொறிகள், பாம்பு உறையும் குழிகள், புனங்காப்போர் கவணில் எறியும் கற்கள், கால் வழுக்கும் இடங்கள் ஆகியவற்றையெல்லாம் முன்கூட்டியே உரைத்து எச்சரிக்கிறது. எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்பதையும் சொல்லத் தவறவில்லை. சொல்பவன் தன் துணிவைப் பேசவில்லை. அடுத்து வருபவன் கால் இடறிவிடக் கூடாதே என்று கவலைப்படுகிறான். அக்கவலையே அவன் கண்ணைக் கூர்மையாக்குகிறது. பயண எழுத்து தனக்காக எழுதப்படுவதன்று, அடுத்த வழிப்போக்கனுக்காக எழுதப்படுவது என்னும் நெறியை நான் இதிலிருந்தே பெறுகிறேன். இந்நெறியை நம் காலத்திற்கு அண்மையில் கடைப்பிடித்தவர் ஏ. கே. செட்டியார் என்பது என் துணிபு.

அலைதலும் பணியும்

செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911ஆம் ஆண்டில் பிறந்த ஏ. கே. செட்டியார், இளமையிலேயே பர்மா சென்று, இரங்கூனில் 'தனவணிகன்' இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று புகைப்படக்கலை பயின்றார். அவர் குலத்தார்க்குக் கடல் கடத்தல் புதிதன்று. கணக்குப் பேரேட்டோடு கடல் கடந்த குலத்தில் பிறந்தவர், எழுதுகோலோடும் படக்கருவியோடும் கடல் கடந்தார் என்பதே புதுமை.

1937 அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் செல்லும் கப்பலில் அவர் இருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்த நாள். அடிகளின் வாழ்வை ஆவணப்படமாக்க வேண்டும் என்னும் எண்ணம் அக்கப்பலில் அவருக்குத் தோன்றியது. அப்போது அவருக்கு 26 வயதுகூட நிறைவுறவில்லை. உலகின் பல பகுதிகளில் பலர் பல ஆண்டுகளாக எடுத்துவைத்திருந்த படச்சுருள்களைத் தேடி நெடுந்தொலைவு அலைந்தார். ஏறத்தாழ 50,000 அடிப் படச்சுருளைத் திரட்டினார். 1940இல் தமிழ் விளக்கவுரையோடு அப்படம் திரையிடப்பட்டது. இத்தேடலின் வரலாற்றை அவர் எழுதிய 'அண்ணல் அடிச்சுவட்டில்' அவர் மறைவுக்குப் பின்னரே நூல் வடிவம் பெற்றது.

அவர் வாழ்விலிருந்து நான் கற்பது இது. வெறும் ஊர்சுற்றும் ஆசை ஓர் இளைஞனைத் துறைமுகம் வரை கொண்டுசேர்க்கும். அவ்வாசைக்கு ஒரு பணி துணையாகும்போதுதான் அது படைப்பாகிறது. அவருடைய நூல் ஒன்றின் பெயரே 'இட்ட பணி' என்பதை நினைவுகூர்தல் தகும். காந்தியடிகளின் சுவடுகளைத் தேடிச் சென்றவர்க்குச் சென்ற இடமெல்லாம் பொருளுடையதாயிற்று. எதைத் தேடுகிறோம் என்பதை அறியாதவர்க்கு எந்த நாடும் ஒன்றே.

தன்னை மறைத்த நடை

'உலகம் சுற்றும் தமிழன்' என்பது அவருடைய நூலின் பெயர். பின்னர் அதுவே அவருக்கு அடைமொழியுமாயிற்று. அத்தலைப்பைக் கண்டு, தன்னைப் பற்றி மிகுதியாகப் பேசும் நூல் என்று கருதுவோர் ஏமாற்றம் அடைவர். சிறு சிறு வாக்கியங்கள். அணிகள் ஏற்றாத எளிய சொற்கள். வாய்விட்டுச் சிரிக்காமல் இதழோரத்தில் நிற்கும் நகைச்சுவை. இவையே அவருடைய நடை. கோபுரங்களையும் மாளிகைகளையும் விட உடன் பயணம் செய்வோர், கடைக்காரர், வழியில் சந்தித்த எளிய மக்கள் ஆகியோரின் பேச்சுக்கே அவர் மிகுதியாக இடம் தருகிறார். பார்ப்பவராக அவர் இருக்கிறார். பார்க்கப்படும் பொருளாக அவர் நிற்பதில்லை.

1943இல் தொடங்கிய 'குமரி மலர்' இதழைத் தம் இறுதிக் காலமாகிய 1983 வரை நடத்திய அவர், அதில் பிறர் எழுதிய பழங்கட்டுரைகளைத் தேடித்தேடி வெளியிட்டார். 1968இல் அவர் தொகுத்த 'தமிழ்நாடு' என்னும் பயணக் கட்டுரைத் தொகுப்பு இதற்குச் சிறந்த சான்று. உலகெங்கும் சென்று வந்த ஒருவர், தம் சொந்த நாட்டைப் பற்றி நூல் செய்யும்போது, தமக்கு முன் அவ்வழி சென்றவர்களின் எழுத்துகளைத் திரட்டித் தந்தார். முன் சென்றவனின் சொல்லைப் பின் வருபவனிடம் சேர்ப்பதும் ஓர் ஆற்றுப்படையே அன்றோ?

ஒரு குறை

இவ்வடக்கம் குறையே இல்லாதது என்று நான் சொல்லவில்லை. அவர் நூல்களைத் தொடர்ந்து படிக்கும்போது ஓரிடத்தில் நமக்கு ஏக்கம் உண்டாகிறது. இருபத்தாறு வயது இளைஞன் அயல்நாட்டில் தனித்து நின்றபோது என்ன உணர்ந்தான்? அச்சம் இருந்ததா? வீட்டு நினைவு வந்ததா? இவற்றுக்கு விடை அரிதாகவே கிடைக்கிறது. தகவல் நிறைந்து உணர்ச்சி மெலிந்த பக்கங்களும் உள்ளன. ஜப்பானைப் பற்றி இவரும் எழுதினார், தி. ஜானகிராமனும் 'உதய சூரியன்' எழுதினார். நாவலாசிரியராகிய ஜானகிராமனிடம் அந்நாடு செவிக்கும் நாவுக்கும் உரியதாக நம்மை வந்தடைகிறது. செட்டியாரிடம் அது கண்ணுக்கும் அறிவுக்கும் உரியதாக நிற்கிறது.

எனினும், இளம் எழுத்தாளர் முதலில் பயில வேண்டியது செட்டியாரின் முறையே என்பேன். உணர்ச்சியைச் சொல்லக் கற்பதற்கு முன் கண்டதைக் கண்டவாறு சொல்லக் கற்றல் வேண்டும். காணாத ஒன்றைப் பற்றி வியப்பது எளிது. அதுதான் நம் மாணவர் கட்டுரைகளில் நிகழ்கிறது.

நமக்குரிய பாடம்

செட்டியார் 'மலேயா முதல் கனடா வரை' என்றொரு நூல் எழுதினார்; கரிபியன் தீவுகளுக்கும் கயானாவுக்கும் சென்று எழுதினார். கடல் கடந்த தமிழர் எங்கு வாழ்ந்தாலும் அவர்களைத் தேடிக் காண வேண்டும் என்னும் வேட்கை அவரிடம் இருந்தது. இவ்வேட்கை நமக்கு ஒரு கடமையை நினைவூட்டுகிறது.

இந்நாட்டுத் தமிழர் பலரின் முன்னோர் ஊர் காணும் ஆசையால் வந்தவரல்லர், வயிற்றுப்பாட்டுக்காக வந்தவர். 1970களின் தொடக்கம் வரை வங்கக் கடலைக் கடந்த ரஜூலா போன்ற கப்பல்களில் மேல்தட்டுப் பயணிகளாய்ப் பாயும் பெட்டியுமாய் வந்திறங்கினர். அவர்கள் செய்த பயணம் செட்டியாரின் பயணத்தினும் கடினமானது. ஆனால், அதைப் பற்றி அவர்கள் எழுதியது மிகக் குறைவு. பெரும்பயணம் செய்தவர்க்கு எழுத ஓய்வில்லை. ஓய்வுள்ள நாமோ விடுமுறைச் சுற்றுலாவை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே, ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பயணக் கட்டுரை எழுதச் சொல்லும்போது, மாணவரை அவர்தம் வீட்டு முதியவரிடம் அனுப்புங்கள். அவருடைய தந்தையோ பாட்டனோ எந்தக் கப்பலில் வந்தார், கையில் என்ன கொண்டுவந்தார், முதல் நாள் இரவு எங்கே உறங்கினார் என்று கேட்டு வரச் செய்யுங்கள். விடை முழுமையாகக் கிடைக்காமற் போகலாம். கிடைத்த அளவைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதட்டும். அவ்வாறு எழுதப்படும் நாற்பது கட்டுரைகளில் எந்த இரண்டும் ஒன்றுபோல் இரா. அந்த மாணவருள் ஒருவர் நாளை உலகம் சுற்றப் புறப்பட்டால், எதைக் காண வேண்டும் என்பதை அறிந்தே புறப்படுவார்.