ஒரு புள்ளியின் நிதானம்

நாகர்கோவிலில் விடியற்காலையில் சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு முன்பே, நல்ல லேப்களில் ஒரு வேலை தொடங்கிவிடும். சர்க்கரை அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் சீரம், உலர்ந்த பொடியாக ஒரு சின்னக் குப்பியில் இருக்கும். பிப்பெட் ‘டக்’கென்று விடும் நீரில் அது கரையும். குலுக்கினால் நுரைத்துவிடும், எனவே டெக்னீசியன் மெல்லச் சுழற்றி, அரை மணி நேரம் பொறுத்திருப்பார். பிறகு ரீஏஜென்டோடு சேர்ந்து அது இளஞ்சிவப்பாக மலர்வது கண்ணுக்கு அழகு. அந்த நிறத்தை அளந்து வந்த எண் வரைபடத்தில் ஒரு புள்ளியாகும். அது எல்லைக்கோட்டுக்குள் நின்றால்தான் நம் ரத்தத்தின் முறை வரும்.

வேலூர் சி.எம்.சி. நடத்தும் தரச் சோதனைத் திட்டத்தில் சேர்ந்த லேப்கள், அளவு சொல்லப்படாத மாதிரிகளையும் சோதித்து, தங்கள் விடையை மற்ற லேப்களோடு ஒப்பிட்டுக்கொள்கின்றன. ரிப்போர்ட்டில் அச்சாகாத இந்தப் பொறுமையை நம்பித்தான் டாக்டர் இன்சுலின் அளவை எழுதுகிறார்.