இலங்கையின் மக்கள் கணக்கில் ஒரு சுருங்கும் வரிசை

இலங்கையைப் பற்றிய எந்தப் பொது அறிவு நூலைப் புரட்டினாலும் ஓர் அட்டவணை கண்ணில் படும். சிங்களவர் 75 விழுக்காடு, இலங்கைத் தமிழர் 11, சோனகர் 9, இந்தியத் தமிழர் 4, மற்றவர் மிகச் சிலர். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் முடிவு இது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் இதை அப்படியே மனப்பாடம் செய்கின்றனர். ஒரு தீவின் பரப்பளவையும் அதன் மிக உயர்ந்த மலையின் உயரத்தையும் மனப்பாடம் செய்வதைப் போலவே இதையும் செய்கின்றனர். மலையின் உயரம் யார் அளந்தாலும் ஏறத்தாழ ஒன்றாகத்தான் இருக்கும். இந்த அட்டவணை அத்தகையதன்று.

ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவனிடம் திருகு அளவியைக் கொடுத்தால், கம்பியின் தடிமனை அளக்குமுன் சுழிப்பிழையைப் பார் என்றுதான் ஆசிரியர் சொல்வார். கருவியைச் சோதிக்காமல் எடுத்த அளவீட்டுக்கு மதிப்பெண் இல்லை. மக்கள்தொகை அட்டவணையும் ஒரு கருவி தந்த அளவீடுதான். அந்தக் கருவியை நாம் சோதிப்பதே இல்லை. இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களாகிய நாமாவது சோதித்திருக்க வேண்டும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான். அந்த அட்டவணையின் ஒரு வரிசை முழுவதும் ஒரு காலத்தில் நம் கரைகளின் வழியாகப் போனது. பிறகு அதில் ஒரு பெரும் பகுதி நம் கரை வழியாகவே திரும்பியும் வந்தது.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். இலங்கையில் 1871 முதல் முறையான கணக்கெடுப்பு நடக்கிறது. பிறப்பு, இறப்புப் பதிவிலும் அந்நாடு ஆசிய நாடுகள் பலவற்றுக்கு முன்னோடி. 1946இல் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இறப்பு விகிதம் 1947இல் 14 ஆக இறங்கியதை உலகெங்கும் மக்கள்தொகை அறிஞர்கள் எடுத்துக் காட்டுவார்கள். மலேரியா கொசுவுக்கு டி.டி.டி. தெளித்ததால்தானா, உணவும் மருத்துவ வசதியும் மேம்பட்டதாலும்தானா என்று நெடுங்காலம் வாதாடினார்கள். அந்த வாதம் நடக்க முடிந்ததே புள்ளிவிவரம் நம்பகமாக இருந்ததால்தான். ஆகவே மொத்தத் தொகையில் நமக்குச் சண்டை இல்லை. மொத்தத்தைப் பிரித்து எழுதிய வரிசைகளில்தான் சிக்கல்.

‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என்ற பிரிவினை 1911 கணக்கெடுப்பில்தான் முதன்முதலாக வந்தது. அதற்கு முன் தமிழர் என்ற ஒரே வரிசை. 1911இல் இரண்டு வரிசைகளும் கிட்டத்தட்டச் சமம்: முன்னது 5 இலட்சத்து 28 ஆயிரம், பின்னது 5 இலட்சத்து 31 ஆயிரம். காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் திருச்சி, சேலம், தஞ்சை, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகள் அழைத்துச் சென்ற கூலி மக்கள்தாம் இந்த இரண்டாம் வரிசை. மண்டபத்தில் இலங்கை அரசே முகாம் அமைத்து, அவர்களைத் தங்கவைத்துத் தொற்றுநோய் பார்த்து, பதிவு செய்து கப்பலேற்றியது. 1914இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் ஓடத் தொடங்கியபின் அதுவே இராஜபாட்டை.

இனி எண்களுக்கு வருவோம். 1971இல் இலங்கையின் மொத்த மக்கள்தொகை 1 கோடியே 26.9 இலட்சம், 1981இல் 1 கோடியே 48.5 இலட்சம். பத்தாண்டு வளர்ச்சி 17 விழுக்காடு. இதே பத்தாண்டில் இலங்கைத் தமிழர் 14.24 இலட்சத்திலிருந்து 18.87 இலட்சமாயினர், அதாவது 32 விழுக்காட்டுக்கு மேல் வளர்ச்சி. இந்தியத் தமிழரோ 11.75 இலட்சத்திலிருந்து 8.19 இலட்சமாகக் குறைந்தனர். 30 விழுக்காடு வீழ்ச்சி. ஒரே தீவு, ஒரே பத்தாண்டு, ஒரே மொழி பேசுவோர். ஒரு வரிசை நாட்டைவிட இரு மடங்கு வேகத்தில் ஏற, அடுத்த வரிசை மூன்றில் ஒரு பங்களவு இறங்குகிறது. குழந்தைகள் பிறப்பதாலும் முதியோர் இறப்பதாலும் மட்டும் இப்படி நடக்குமா?

ஒரு பாத்திரத்தில் உள்ள நீரின் அளவை எழுதும் சமன்பாடு உங்களுக்குத் தெரியும். உள்ளே வந்ததைக் கூட்டு, வெளியே போனதைக் கழி. மக்கள்தொகைக்கும் அதுவே: பிறந்தோரும் குடிவந்தோரும் கூட்டல், இறந்தோரும் குடிபெயர்ந்தோரும் கழித்தல். மொத்தத் தொகைக்கு இந்த நான்கும் போதும். ஆனால் அட்டவணையின் ஒரு வரிசைக்கு ஐந்தாவது உறுப்பு ஒன்று உண்டு. சென்ற முறை ஒரு வரிசையில் எழுதப்பட்ட ஆள் இந்த முறை வேறு வரிசையில் எழுதப்படுவது. அவர் பிறக்கவுமில்லை, இறக்கவுமில்லை, வீடு மாறவும் வேண்டியதில்லை. கணக்கெடுப்பாளர் வீட்டு வாசலில் நின்று “என்ன இனம்?” என்று கேட்கும்போது சொல்லும் விடை மாறினால் போதும்.

இந்த ஐந்தாவது உறுப்பின் அளவை நாமே தோராயமாகக் கணக்கிடலாம். இரண்டு வரிசைகளும் நாட்டின் வேகத்திலேயே, 17 விழுக்காடு, வளர்ந்திருந்தால் 1981இல் எவ்வளவு இருந்திருக்கும்? இந்தியத் தமிழர் 13.75 இலட்சம்; உண்மையில் இருந்தவர் 8.19 இலட்சம். காணாமற்போனவர் 5.56 இலட்சம். இலங்கைத் தமிழர் 16.66 இலட்சம் இருக்க வேண்டும்; இருந்தவரோ 18.87 இலட்சம். கூடுதலாக வந்தவர் 2.21 இலட்சம். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் 3.35 இலட்சம். அதாவது காணாமற்போனவர்களில் ஏறத்தாழ 2.2 இலட்சம் பேர் அடுத்த வரிசையில் இருக்கிறார்கள். மூன்றேகால் இலட்சத்துக்கு மேற்பட்டோர் தீவிலேயே இல்லை. தோட்டப் பகுதிகளில் இறப்பு விகிதம் அதிகமென்பதால் அங்கு இயற்கை வளர்ச்சி 17 விழுக்காட்டுக்குக் குறைவாகவே இருந்திருக்கும்; ஆகவே கடைசி இலக்கங்களை நம்ப வேண்டாம். இலங்கைத் தமிழரில் வெளிநாடு சென்றோரையும் நாம் சேர்க்கவில்லை. ஆயினும் கணக்கின் பருமன் இதுதான்.

தீவில் இல்லாதவர்கள் எங்கே போனார்கள் என்பது நமக்குத் தெரிந்த கதை. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்ததற்குச் சான்று காட்டச் சொன்னது. லயங்களில் பிறந்தவனுக்கு அந்தச் சான்றுக்கு எங்கே போவது? பெரும்பாலோர் நாடற்றவராயினர், வாக்குரிமையும் போயிற்று. 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸின் உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்தார்கள். 1952இல் ஒருவரும் இல்லை. இதில் ஒரு விந்தை உண்டு. தொகுதிகள் மொத்த மக்கள்தொகையின்படி பிரிக்கப்பட்டதால், வாக்கில்லாத இம்மக்களின் தலைகளும் தொகுதிக் கணக்கில் சேர்ந்தன. அந்தத் தொகுதிகளில் வாக்களித்தவர்கள் மற்றவர்கள். மக்கள்தொகை அட்டவணை வெறும் அறிவுச் சேகரம் என்று நினைப்போர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட உடன்பாடு, நாடற்றவர் 9 இலட்சத்து 75 ஆயிரம் என்று கணக்கிட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் பகிர்ந்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சத்தை 1974 உடன்பாடு சரிபாதியாகப் பிரித்தது. மனிதர்களைப் பின்னமாகப் பிரிக்க முடியாதென்பதால்தான் எழுபத்தைந்தாயிரத்தோடு நின்றது போலும்! 1964 டிசம்பரிலேயே புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டதால், திரும்பியவர்கள் தலைமன்னாரிலிருந்து ‘இராமானுஜம்’ கப்பலில் இராமேசுவரத்தில் இறங்கினார்கள். அவர்களுடைய பாட்டனார்களைக் கப்பலேற்றிய மண்டபம் முகாமே அவர்களை வரவேற்கும் முகாமாயிற்று. அங்கிருந்து நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கும் பிற மாவட்டங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். அரசு ஏட்டில் அவர்கள் பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. பலர் அதுவரை இந்தியாவைக் கண்டதே இல்லை.

1984இல் கப்பல் நின்றது. 1981க்கும் 2012க்கும் இடையில் இதே கணக்கைப் போட முயன்றால் நாம் தோற்றுப்போவோம். 1991இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2001இல் 25 மாவட்டங்களில் 18இல் மட்டும் முழுமையாக நடந்தது. உள்நாட்டுப் போரே காரணம். இடைப்பட்ட 31 ஆண்டில் நாடு 37 விழுக்காடு வளர்ந்திருக்க, இந்தியத் தமிழர் வரிசை சுமார் 8.4 இலட்சத்திலேயே நிற்கிறது. இலங்கைத் தமிழர் வரிசையோ போரில் இறந்தோர், மேலைநாடுகளுக்கும் தமிழகத்துக்கும் சென்றோர் ஆகிய பெருங்கழித்தல்களைத் தாங்கியும் சுமார் 22.7 இலட்சமாக நிற்கிறது. ஒரே சமன்பாடு, பல தெரியாக் கணியங்கள். 2024 டிசம்பரை நாளாகக் கொண்ட கணக்கில் மொத்தம் 2 கோடியே 17 இலட்சத்துக்கு மேல். இந்தியத் தமிழர் பங்கு 3 விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிட்டது. நுவரெலியாவில் தேயிலை பறிக்கும் மக்கள் ஆவியாகிவிடவில்லை. 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால் குடியுரிமை பெற்றபின், நாம் ஏன் இன்னும் ‘இந்திய’ என்று எழுதிக்கொள்ள வேண்டும் என்று பலர் நினைப்பது இயற்கைதானே? 1977 கலவரத்துக்குப் பின் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறியவர்களிடம் இந்த மாற்றம் முன்பே தொடங்கிவிட்டது.

அட்டவணையின் மற்ற வரிசைகளும் இப்படித்தான் மனிதர் கை பட்டவை. 1971 வரை சிங்களவர் இரண்டு வரிசையாக இருந்தனர்: கரையோரச் சிங்களவர், கண்டிச் சிங்களவர். 1981இல் இரண்டும் ஒன்றாயின. தமிழர் வரிசைகள் மட்டும் பிரிந்தே நின்றன. சுமார் 1,700 பேர் கொண்ட ‘பரதர்’ இன்று ஒரு தனி இனம். அவர்கள் நம் முத்துக்குளித்துறைப் பரதவரின் வழியினர். கீழக்கரையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் நம் நாட்டுக் கணக்கில் சமயத்தில் முஸ்லிம், தாய்மொழியில் தமிழ் என்று இரு இடத்தில் வருவார். அவரைப் போலவே தமிழ் பேசும் புத்தளத்து உறவினர் அங்கே ‘சோனகர்’ என்ற இனம். அவர் பேசும் தமிழ் அந்த வரிசையில் தெரிவதில்லை. எனவே நம் பொது அறிவு நூல்கள் இரு தமிழர் வரிசைகளையும் கூட்டி “இலங்கையில் தமிழ் பேசுவோர் 15 விழுக்காடு” என்று எழுதுவது பிழை. சோனகரையும் சேர்த்தால் 2012இல் அது கால் பங்கை நெருங்கும்.

அப்படியானால் தமிழர் வரிசைகள் இரண்டையும் சேர்த்துவிடலாமா? அதை நான் ஏற்கவில்லை. மலையக மக்களில் பலர் தங்களுக்கென ஒரு பெயரைக் கேட்கிறார்கள். நிலமும் வீடும் பள்ளியும் மிகப் பின்தங்கியிருக்கும் ஒரு மக்களின் நிலையை அறியத் தனி வரிசை தேவை. வரிசை கரைந்தால் குறையும் கரைந்ததாகத் தோன்றும். 2024 கணக்கில் ‘இந்தியத் தமிழர் / மலையகத் தமிழர்’ என்று இரு பெயரும் இடம்பெற்றது ஒரு நல்ல தொடக்கம். ஆனால் என் குறை வேறு. சென்ற முறை இந்த வரிசையில் இருந்தவர்களில் எத்தனை பேர் இம்முறை அடுத்த வரிசைக்குப் போனார்கள் என்ற மதிப்பீடு அட்டவணையோடு அச்சாவதில்லை. அளவீட்டோடு பிழை எல்லையையும் எழுது என்று பள்ளி மாணவனிடம் நாம் சொல்வதைப் புள்ளிவிவரத் துறையிடமும் கேட்கலாம். அட்டவணையை எடுத்தாளும் நம் நூலாசிரியர்கள், எந்த ஆண்டுக் கணக்கு என்பதையாவது போட வேண்டும்.

நம் கரையிலும் ஏடுகள் சுத்தமில்லை. அங்கே ‘இந்தியத் தமிழர்’ என்று எழுதப்பட்ட குடும்பங்களில் சில, போர்க்காலத்தில் படகேறி வந்து இங்கே ‘இலங்கை அகதி’ என்று எழுதப்பட்டன. 2021இல் தமிழக முகாம்களில் 58 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். அந்த ஆண்டுதான் முகாம்களின் பெயர் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றப்பட்டது. இந்திய வம்சாவளியினரான முகாம்வாசிகள் சிலரின் குடியுரிமைக் கோரிக்கையை ஆராயும்படி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் கூறவேண்டியிருந்தது. 2027ஐ நாளாகக் கொண்ட நம் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என 2025இல் அறிவிக்கப்பட்டிருப்பதால், வரிசைகளைப் பற்றிய இந்தக் கேள்விகள் நம் வாசலுக்கும் வரும்.

மாணவர்கள் பயிற்சியாக இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். 1946இல் இலங்கையின் மொத்தம் 66.57 இலட்சம், இலங்கைத் தமிழர் 7.34, இந்தியத் தமிழர் 7.81 இலட்சம். 1953இல் முறையே 80.98, 8.85, 9.74 இலட்சம். மூன்றின் வளர்ச்சியும் 20 முதல் 25 விழுக்காட்டுக்குள் அடங்குவதைக் காண்பீர்கள். குடியுரிமைச் சட்டம் வந்துவிட்ட காலம் அது. கப்பல் இன்னும் ஆட்களை ஏற்றத் தொடங்காத காலம்.